இறந்த காலத்துக்கும் முன்னால்

நாலாவது பீரியட் கோகிலவாணிக்கு வகுப்பு இல்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்காக ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடக்கி எழுதிவிட வேண்டும், மத்தியானம் ஜெராக்ஸ் எடுத்து இடைத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் ஆசிரியர் அறையின் ஜன்னலோர மேஜையில் வந்து உட்கார்ந்தாள். நவுன், வெர்ப், டென்ஸ், வாய்ஸ். பிறகு செய்யுள் பகுதிக்கு வேண்டிய சிமிலி, மெட்டஃபர் வகையறா. கடைசியில் பேச்சிலும் கட்டுரையிலும் வருகிற நாலைந்து அணிகள். பதினான்கு வருடமாக இந்தப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். பதினான்கு தடவை எழுதிய பக்கம். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். ஆனால் கண்ணை மூடத்தான் ஒன்றரை மாதமாக அவளுக்குப் பயமாக இருந்தது. வெளியே உடுமலையின் ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து வேப்பமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் இருக்க டஸ்டரை எடுத்து அதன் மேல் வைத்தாள். எதிர் மேஜையில் தமிழாசிரியர் திருமூர்த்தி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நவுன் என்று எழுதி அடிக்கோடு போட்டாள். காமன் நவுன்: பொதுப் பெயர். ஸ்கூல், டீச்சர், சைல்ட். சைல்ட் என்று எழுதியதும் பேனா நின்றது. அதை அடித்துவிட்டு ட்ரீ என்று எழுதினாள். மரம் பாதகமில்லை. மரம் எங்கேயும் போய் விழுந்துவிடாது. ப்ராப்பர் நவுன்: ஒருத்தருக்கே உரிய பெயர். எத்தனையோ பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், அமராவதி என்று எழுதினால் முடிந்தது, ஆனால் விரலுக்கும் தாளுக்கும் நடுவில் மிதுலா என்கிற பெயர்தான் வந்து நின்றது. யுகேஜி ஏ. நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்ம், இரண்டு பக்கமும் ரிப்பன். அவளுக்கு அந்தக் குழந்தையை அவ்வளவாகத் தெரியாது. வராந்தாவில் வரிசையாகப் போகும்போது கடைசிக் குழந்தையாக, முன்னால் போகிறவளின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போகும். அவ்வளவுதான். தெரியாத குழந்தை இத்தனை நாளாக வீட்டுக்குக் கூடவே வருமா, சமையல்கட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் வந்து நிற்குமா, பல் தேய்க்கும்போது வாளித் தண்ணீரைப் பார்க்க முடியாமல் செய்யுமா. ஆயா என்பது காமன் நவுன். இந்தப் பள்ளியில் நாலு ஆயாக்கள். அதில் ஒருத்தி மாராத்தாள். பதினோரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, டப்பாவைத் திறந்து கொடுத்து, கழிப்பறைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவள். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆயா, இங்க வா. ஆயா, அதை எடு. போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதுதான் ஒரு காவலர் காகிதத்தைப் பார்த்து மாராத்தாள் யாரு என்று கேட்டார், அவளும் கூட்டத்தில் யாரையோ தேடுகிறார்கள் என்பது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம் நான்தானுங் என்றாள்.

வெர்பை இரண்டு வரியில் முடித்தாள். டென்ஸுக்கு வந்தாள். காலம் மூன்று, ஒவ்வொன்றிலும் நாலு. சிம்பிள் பாஸ்ட், நடந்து முடிந்தது. பாஸ்ட் பெர்ஃபெக்ட். இதற்குத்தான் பிள்ளைகள் வருடா வருடம் தடுமாறும், இதற்குத்தான் அவள் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவாள்: இறந்த காலத்தில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது, அதில் எது முதலில் நடந்ததோ அதுக்கு had போடணும், இறந்த காலத்துக்கும் முன்னால் ஒரு இறந்த காலம் இருக்கு, புரியுதா. புரியுது மிஸ். ரயில் புறப்பட்டது, அதற்கு முன்னால் நான் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டிருந்தேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த ரயில். அந்த ரயிலையே எழுது, கோகிலா, வேறெதையும் நினைக்காதே. குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது ஜூன் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, மாராத்தாள் இதே அறைக்கு வந்திருந்தாள். இதே மேஜை. கோகிலவாணி ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள், நாற்பத்தாறு நோட்டு, பத்தொன்பதாவது நோட்டில் இருந்தாள். மாராத்தாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, ஏனுங் மிஸ்சு, ஒரு கடுதாசி எழுதிக் குடுப்பீங்களா என்றாள். யாருக்கு? ஆபீசுக்குத்தானுங். கேஜி பில்டிங் பின்னாடி தண்ணித் தொட்டி மூடி துருப்புடிச்சு ஆடுதுங், ஒரு பக்கம் கீலே இல்ல, சின்னப் புள்ளைக பொழங்கற எடம், சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குதுங், மேனேஜரு எழுத்துல குடு பாக்கலாம்ங்கறாரு, எனக்கு என்னங் எழுதத் தெரியும். கோகிலவாணி தலையை நிமிர்த்தாமல், நோட்டில் ஒரு ஸ்பெல்லிங்கை வட்டமிட்டபடி, அப்புறம் வா ஆயா, சாயங்காலம் எழுதித் தர்றேன் என்றாள். சரிங் மிஸ்சு. சாயங்காலம் மாராத்தாள் வந்தாளா? வந்தாள். வந்து பார்த்தாள், கோகிலவாணி போனில் பேசிக்கொண்டிருந்தாள், மகள் நேத்ராவின் பரதநாட்டியம் டீச்சரிடம், அப்படி என்ன தலைபோகிற பேச்சு, சலங்கை அளவு பற்றி. பேசிக்கொண்டே கையால் நாளைக்கு என்று காட்டினாள். அந்தக் கை. உள்ளங்கையை வெளிப்புறமாக வைத்து இரண்டு தடவை அசைத்தது, காக்காயை விரட்டுகிற மாதிரி. அப்படியா அசைத்தாள்? இல்லை, கொஞ்சம் மரியாதையாகத்தான் அசைத்திருப்பாள். ஒன்றரை மாதமாக அந்தக் கையை அசைத்து அசைத்துப் பார்க்கிறாள், எப்படி அசைத்தாலும் காக்காயை விரட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. நாலு வரிக் கடிதம். ஐயா, தொட்டியின் மூடி உடைந்திருக்கிறது, மாற்றித் தரவும், இப்படிக்கு மாராத்தாள். இரண்டு நிமிடம் ஆகுமா? கண்டிஷனல் சென்டன்ஸில் மூன்றாவது வகை: நடக்காமல் போனதைப் பற்றி, இனிமேல் நடக்கவே முடியாததைப் பற்றிச் சொல்வது. நான் எழுதியிருந்தால். எழுதியிருந்தாலும் மேனேஜர் அதை வாங்கி டிராயரில் போட்டிருப்பார் என்று அவள் கணவன் சொன்னான். அப்படியும் இருக்கலாம். ஆனால் டிராயரில் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

ரயிலை எழுதி முடித்தாள். கை வியர்த்திருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். வாய்ஸ் என்று தலைப்புப் போட்டுவிட்டு, பேச்சு ஏதாவது கேட்டால் தேவலை என்று தோன்றியதால், “ஐயா, பேசிவ் வாய்ஸுக்குத் தமிழ்ல செயப்பாட்டு வினைதானுங்களே?” என்று கேட்டாள். திருமூர்த்தி கண்ணாடியைக் கீழே இறக்கினார். “ஆமாங் மிஸ். ஆனா பேச்சுல அது வராதுங்க. என்னால் சோறு தின்னப்பட்டதுன்னு நம்ம ஊர்ல எவன் சொல்வான்? கடையில வித்தான், வித்துருச்சு, அப்படித்தான் பேசுவோம். படும், பட்டதுங்கறதெல்லாம் ஆபீஸ் கடுதாசிக்குத்தான்.” சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக அடுத்த தாளைப் புரட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை விழுந்த பிறகு பள்ளியிலிருந்து போன ஆபீஸ் கடிதத்தை எழுதியது யார் என்று பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் சென்னியப்பனுக்கும் அவளுக்கும் அவள் கணவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. குழந்தை விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். குழந்தை போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஏசி அறையில் அவர் முகம் வெளிறிப்போய், சட்டைப் பொத்தான் இரண்டு திறந்து, நிஜமாகவே நொந்துபோய்த்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். கல்வித் துறைக்கும் போலீசுக்கும் ஒரு விளக்கம் கொடுக்கணும் மேடம், இங்கிலீஷ்ல, உங்க இங்கிலீஷ்தான் நல்லாருக்கும், நான் சொல்றேன், நீங்க அழகா எழுதுங்க. அவர் தமிழில் சொன்னார். ஆயா அங்க இல்லாமப் போயிட்டா, புள்ளைய விட்டுட்டா, மூடி பத்தி எங்களுக்கு யாரும் சொல்லல. அவள் எழுதினாள். ஆயா விட்டுட்டா என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஏனென்றால் பத்தே முக்கால் மணிக்கு மாராத்தாள் டீ தட்டோடு ஆசிரியர் அறையைத் தாண்டிப் போனதை அவள் பார்த்திருந்தாள். கரஸ்பாண்டன்ட்டின் விருந்தாளிகளுக்கு டீ கொண்டுபோகச் சொல்லி ஆபீசிலிருந்துதான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் கோகிலவாணி யோசித்து, ஆளையே எடுத்துவிட்டு எழுதினாள்: குழந்தை கவனிப்பின்றி விடப்பட்டிருந்தது. யார் விட்டார்கள்? அது வாக்கியத்தில் இல்லை. பொய் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அடுத்த வரி: மூடியின் நிலை குறித்து நிர்வாகத்துக்கு எழுத்துமூலமாக எந்தத் தகவலும் அளிக்கப்பட்டிருக்கவில்லை. பாஸ்ட் பெர்ஃபெக்ட், பேசிவ், நெகட்டிவ், மூன்றும் ஒரே வாக்கியத்தில், ஒரு கமா பிசகாமல். எழுத்துமூலமாக என்கிற சொல்லை அவர் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்தது. அதுதான் உண்மை, அதனால் சேர்த்தாள். எழுத்துமூலமாக யாரும் கொடுக்கவில்லை என்பது இந்த உலகத்திலேயே அவளைவிட யாருக்குத் தெரியும்? சென்னியப்பன் படித்துவிட்டு, அடடா, ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம் என்றார். அதைக் கேட்டதும், கடவுளே, அதைக் கேட்டதும் அவளுக்குள் எங்கோ ஒரு சின்ன இடத்தில் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். நல்ல மாணவி ஒருத்திக்கு நல்ல மார்க் வந்த மாதிரி. அந்த ஒரு நொடியை என்ன செய்வது? குழந்தை விழுந்தது அவளால் இல்லை, மூடி துருப்பிடித்தது அவளால் இல்லை, இதையெல்லாம் யாரிடமும் வாதாடலாம். அந்த நொடியை யாரிடம் கொண்டுபோய் வைப்பாள்? மறுநாள் காலையில் மாராத்தாளைப் பள்ளியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். விடப்பட்டிருந்தது என்றால் விட்டவள் ஒருத்தி வேண்டும் அல்லவா, டூட்டி அட்டவணையில் பெயர் இருந்தது. பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். நான் சொன்னேனுங், சொன்னேனுங் என்றாளாம். எழுத்துல குடுத்தியா என்று கேட்டார்களாம். இல்லீங் என்றாளாம். இதை ஆபீஸ் பையன்கள் பேசிக்கொண்டபோது கோகிலவாணி வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினாள்.

காற்று ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தியது. அவள் துள்ளி எழுந்து கொக்கியை மாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கேஜி கட்டடத்தின் பின்பக்கம் தெரிந்தது. தொட்டிக்குப் புதிய இரும்பு மூடி, பூட்டு, மேலே நாலு குரோட்டன்ஸ் தொட்டிகள். மூன்றே நாளில் எல்லாம் செய்துவிட்டார்கள். உட்கார்ந்து ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் எழுத ஆரம்பித்தாள். சிமிலி: போல, மாதிரி. மெட்டஃபர்: போல இல்லாமல் அதுவே இது என்பது. பெர்சானிஃபிகேஷன்: உயிரில்லாததுக்கு உயிர் கொடுப்பது. ஆனமட்டோபியா: ஓசையையே சொல்லாக்குவது. இதற்கு ஒவ்வொரு வருடமும் அவள் கொடுக்கிற எடுத்துக்காட்டு மூன்று: மணி அடிப்பது, தேனீ பறப்பது, தண்ணீரில் கல் விழுவது. மூன்றாவதை வாயால் செய்தே காட்டுவாள், பிள்ளைகள் சிரிக்கும். இப்போது அந்த ஓசை அறைக்குள் கேட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை என்பதுதானே விஷயம், அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஆயிரம் பேர் இருந்த பள்ளியில் அந்த ஓசையை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, இடைவேளைச் சத்தம், மேலே வகுப்பில் வாய்ப்பாடு, இவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், இதே மேஜையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்படியிருக்கக் கேட்காத ஓசை இப்போது எப்படிக் கேட்கிறது? ஆனமட்டோபியாவை அடித்துவிட்டாள். இது கேள்வித்தாளில் வராது, வந்தால் ஒரு மார்க்தான் போகும். யூஃபமிஸம்: கெட்டதை நல்ல சொல்லால் மூடிச் சொல்வது. துயரமான நிகழ்வு. பிரார்த்தனைக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள், துயரமான நிகழ்வு ஒன்று நடந்தது, இரண்டு நிமிடம் மௌனம். ரெட்டரிக்கல் கொஸ்டின்: விடையை எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி. எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் குழந்தையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். பையையும் தண்ணி பாட்டிலையும் வாங்கிப்போக. சின்னப் பெண், இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும், பனியன் கம்பெனிக்குப் போகிறவள். அழவில்லை. ஆபீஸ் வாசலில் டீச்சர்கள் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, பாப்பா யாரையாச்சும் கூப்புட்டாளா மிஸ் என்று கேட்டாள். மறுபடி கேட்டாள், பயந்தா அவ ஆயான்னுதான் கூப்புடுவா, வீட்லகூட ராத்திரி தூக்கத்துல ஆயா ஆயாம்பா, கூப்புட்டாளா? அந்தக் கேள்வி வரிசையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. விடையை எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி. இல்லை. அவள் எதிர்பார்த்துத்தான் கேட்டாள். நாங்கள்தான் அதை அப்படி ஆக்கினோம்.

“மிஸ், உங்களுக்குச் சேதி தெரியுமுங்களா?” என்றார் திருமூர்த்தி திடீரென்று, தாளைப் பார்த்தபடியே. “இன்னைக்கு அந்த ஆயாவைக் கோட்டாட்சியர் ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். ரெண்டு மணிக்கு. இதோட முடிச்சு அறிக்கை அனுப்பிருவாங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க.”

“ஓ” என்றாள். அப்பாஸ்ட்ரஃபி என்று எழுதினாள். அதற்கு இரண்டு பொருள், பிள்ளைகள் குழம்பும்: ஒன்று எழுத்துக்கு மேலே போடுகிற அந்தச் சின்னக் கொக்கி, இன்னொன்று, எதிரில் இல்லாதவரை எதிரில் இருக்கிற மாதிரி அழைத்துப் பேசுவது. மாராத்தாக்கா, நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? போலீஸ் ஸ்டேஷனில், எழுத்துல குடுத்தியா என்று கேட்டபோது, கோகிலா மிஸ்ஸுகிட்ட எழுதித் தரச் சொன்னேனுங், அவங்க எழுதித் தரலீங்க என்று ஏன் சொல்லவில்லை? இரண்டு தடவை என் வாசலில் வந்து நின்றாயே. பதினோரு நாள் உள்ளே இருந்தாயே. நான் இத்தனை நாளாகக் கதவு தட்டப்படும் என்றுதான் காத்திருக்கிறேன், ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன், நீ சொல்லியிருந்தால் நான் இல்லை என்று மறுத்திருப்பேனா, மறுத்திருப்பேனோ என்னவோ, அதுவும் தெரியவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, இல்லை தண்டித்தாயா? கோபத்தில் சொல்லாமல் விட்டாயா, என் பெண் இங்கே படிக்கிறாள் என்று இரக்கத்தில் விட்டாயா? நேத்ரா எட்டாம் வகுப்பு. டீச்சர் பிள்ளை என்பதால் பாதிச் சலுகையில் படிக்கிறாள். இந்த வேலை போனால் அவளும் நடுவருடத்தில் வேறு பள்ளி தேட வேண்டும். இந்த ஊரில் எந்தப் பள்ளி கரஸ்பாண்டன்ட்டை எதிர்த்துச் சாட்சி சொன்ன டீச்சரைச் சேர்த்துக்கொள்ளும்? அவள் கணவன் கெட்டவன் இல்லை. எழுதச் சொன்னாங்க, எழுதுன, அதுல உன் கையெழுத்தா இருக்கு, விடு, என்றுதான் சொன்னான். கையெழுத்து இல்லை. அதுவும் உண்மை. அவள் செய்தது எதிலுமே அவள் கையெழுத்து இல்லை. மணி பன்னிரண்டு. இன்னும் இரண்டு மணி நேரம். அறிக்கை போய்விட்டால் பிறகு இது வாழ்நாள் முழுக்க இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும், வருடா வருடம் இதே பக்கத்தை எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் செல்போனை எடுத்தாள். வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடுவது சம்பந்தமாக எப்போதோ வாங்கி வைத்த எண். ஆயா கேஜி என்று பதிந்திருந்தாள். அதை அழுத்தினாள். வராந்தாவுக்குப் போனாள். நாலைந்து ரிங் போயிற்று. எடுக்காதே, எடுக்காதே என்று மனசு வேண்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டாள்.

“ஆருங்?”

“நான்தான்... கோகிலவாணி. கோகிலா மிஸ்.”

பின்னால் பஸ் ஹார்ன் சத்தம் கேட்டது. மாராத்தாள் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறாள் போல.

“சொல்லுங் மிஸ்சு.”

என்ன சொல்வது? எப்படி இருக்கே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். “அன்னைக்கு லெட்டர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டீங்களே... மூடிக்கு. அதை நீங்க ஏன் போலீஸ்கிட்ட சொல்லல?” நீங்க என்று முதல் தடவையாகச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“அதுங்களா.” மாராத்தாளின் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, அலுப்பு மட்டும் இருந்தது. “உங்களுக்கு அது எங்கீங் நெனப்பிருக்கப் போவுதுன்னுதான். நாப்பது நோட்ட முன்னால வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. மறந்திருப்பீங்க. மறந்தவீங்களக் கூப்புட்டு, இந்த ஆயா சொன்னாளான்னு கேட்டா, இல்லையேன்னு சொல்வீங்க. அதையும் வேற எதுக்குங் என் காதால கேக்கோணும்?”

கோகிலவாணி தூணைப் பிடித்துக்கொண்டாள். இரக்கம் என்று நினைத்தாள், தண்டனை என்று நினைத்தாள், ஒன்றரை மாதமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் இது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அவளை நினைவில்லாதவள் என்று மாராத்தாள் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தாள், மழை பெய்யும், வெயில் அடிக்கும், டீச்சர்களுக்கு ஆயா சொன்னது ஞாபகம் இருக்காது என்பது போல.

“மறக்கல” என்றாள். “வியாழக்கிழமை. பதினொண்ணேகால் இருக்கும். ஒரு பக்கம் கீலே இல்லைன்னீங்க. சாயங்காலமும் வந்தீங்க. அன்னைக்கு நீங்க டீ கொண்டுட்டுப் போனதையும் பார்த்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. எழுத்துல யாரும் குடுக்கலன்னு ஆபீஸ்ல இருந்து போன லெட்டரை எழுதுனதே நான்தான்.”

பஸ் ஒன்று கிளம்பிப் போனது. கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“ஞாபகமிருந்துமா மிஸ்சு?” என்றாள் மாராத்தாள். மெல்லத்தான் கேட்டாள். அதைவிட அவள் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். பிறகு, “நான் ரெண்டு மணிக்கு அங்க இருப்பேனுங். வர்றதுன்னா வந்து சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்னங் ஆவப்போவுது?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து கைப்பையை எடுத்தாள். பாதி எழுதிய பக்கத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டாள். திருமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். வராந்தாக் கதவு திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்திருக்கும். “மிஸ், உங்க பாப்பா இங்கதானுங்களே படிக்குது?” என்று மட்டும் கேட்டார். ஆமாங்கய்யா என்றாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “பத்து பி-க்கு நான் போய் உக்காந்துக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க” என்றார். ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லும்போது கிளார்க், உடம்புக்கு முடியலீங்களா மேடம் என்று கேட்டார். உடம்பு நல்லாத்தான் இருக்கு என்றாள். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். கணவனுக்குப் போன் பண்ணவா? பண்ணினால் அவன் நல்ல வார்த்தையாக நாலு சொல்வான், அந்த நாலும் சரியாகத்தான் இருக்கும். பண்ணவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து, கோட்டாட்சியர் ஆபீஸ் என்றாள். எதற்குப் போகிறாய்? குழந்தை திரும்பி வருமா? வராது. அந்த அம்மாவின் கேள்விக்கு விடை கிடைக்குமா? கிடைக்காது. சென்னியப்பன் இன்றைக்குச் சாயங்காலமே கூப்பிடுவார். நேத்ரா கேட்பாள், ஏம்மா, என் ஃபிரண்ட்ஸெல்லாம் இங்கதான இருக்காங்க என்று கேட்பாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, உள்ளயே விட்டறட்டுங்களா என்று கேட்டபோதுதான் வந்துவிட்டது தெரிந்தது.

கோட்டாட்சியர் அலுவலகத்தின் நீளமான நடையில் பெஞ்சுகள் போட்டிருந்தன. பட்டா விஷயமாக வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள். கடைசி பெஞ்சில் மாராத்தாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் சேலை இல்லாமல் பார்த்ததில் ஒரு நொடி ஆள் தெரியவில்லை. பச்சைப் புடவை, இளைத்துப்போன கழுத்து, மடியில் ஒரு துணிப்பை. கோகிலவாணி பக்கத்தில் போய் நின்றாள். மாராத்தாள் பார்த்தாள், வணக்கம் சொல்லவில்லை, எழுந்திருக்கவில்லை. பள்ளியில் எந்த டீச்சர் வந்தாலும் சட்டென்று எழுந்துவிடுகிற உடம்பு அது. இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. அந்த இடத்தைக் கோகிலவாணியால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டேகால் மணிக்கு அறைக்கு உள்ளிருந்து ஒரு உதவியாளர் தலையை நீட்டி, மாராத்தாள் என்று கூப்பிட்டார். மாராத்தாள் எழுந்து செருப்பை வாசலில் விட்டாள். கோகிலவாணியும் எழுந்து செருப்பை விட்டாள்.

“நீங்க யாரும்மா? உங்களைக் கூப்பிடலையே” என்றார் உதவியாளர், கையிலிருந்த தாளைப் பார்த்து.

“கூப்பிடலைங்க. நானாத்தான் வந்தேன். அந்த ஸ்கூல் டீச்சர். இவங்க மூடியைப் பத்தி முன்னாடியே எங்கிட்டச் சொன்னாங்க. நான் கேட்டேன், ஒண்ணும் செய்யல. அதைச் சொல்லணும்.”

உதவியாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இருங்க, சார்கிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று உள்ளே போனார். மாராத்தாள் உள்ளே போகாமல் நிலைக்கருகிலேயே நின்றாள். தானாகச் சாத்திக்கொள்கிற அரைக் கதவு அது. அதை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் கோகிலவாணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வாங்க” என்றாள். மிஸ்சு என்று சேர்க்கவில்லை.